முதலில் கல், அப்புறம் மணல்

வணக்கம் நேயர்களே. கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் சேர்ந்துவிட்டால் பேச்சு விளக்கைப் பற்றி இருக்கும், இல்லையென்றால் பம்பைப் பற்றி இருக்கும். நான் கல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். லைவ் ராக் என்கிறோமே, அந்த உயிர்ப்பாறை.

கல்லுக்கு ஏது உயிர்? பெரும்பாலும் அது செத்துப்போன பவளம் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கூடுதான். உயிர் இருப்பது அதன் மேலும் அதன் துளைகளிலும். மீனிடமிருந்து வரும் அம்மோனியாவை அங்குள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. ஆக்சிஜன் எட்டாத ஆழத்துளைகளில் வேறு கூட்டம். அது நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி அனுப்பிவிடும். ஆக, அந்தக் கல்தான் வடிகட்டி. ஆனால் அதைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டும். இதை இன்னொரு தடவையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் தொட்டியில் மணலைக் கொட்டிப் பரப்பிவிட்டு, அதன்மேல் பின்கண்ணாடியை ஒட்டிச் சுவர் மாதிரி கல்லை அடுக்கினேன். ஒரு காலன் தண்ணீருக்கு ஒரு பவுண்டு கல் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. ஏறக்குறைய 8 லிட்டருக்கு 1 கிலோ. நான் அதற்கும் மேலே போட்டேன். பார்க்கக் கோட்டை மாதிரி கம்பீரமாகத்தான் இருந்தது.

அந்தக் கோட்டைக்குள் ஒரு பிஸ்டல் இறாலை விட்டேன். விரல் நீளம்கூட இருக்காது. கொடுக்கைச் சொடுக்கினால் கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்ப்போம், அப்படி ஒரு சத்தம். அதற்கு வேலையே வளை தோண்டுவது. கல்லுக்கு அடியிலிருந்து மணலை வாரி வாரி வெளியே தள்ளும். எவ்வளவு சுறுசுறுப்பு என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தேன். என் அஸ்திவாரத்தைத்தான் தோண்டுகிறது என்று தோன்றவே இல்லை. ஒரு நாள் பின்னிரவில் 'தொம்' என்றது. எழுந்து விளக்கைப் போட்டால் தொட்டி முழுக்கப் புழுதி; கோட்டை முன்கண்ணாடியில் சாய்ந்து கிடக்கிறது. கண்ணாடி உடையாதது என் அதிர்ஷ்டம். இறாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே வேறு மூலையில் தோண்டத் தொடங்கிவிட்டது!

அதனால்தான் சொல்கிறேன்: கல்லை அடிக்கண்ணாடியில் ஆடாமல் உட்கார வையுங்கள், அப்புறம் மணலைக் கொட்டுங்கள். கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் எபாக்ஸி பசையால் ஒட்டிவிடுங்கள்.

இடிந்த சுவருக்குப் பின்னால் இன்னொன்றும் தெரிந்தது. பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்னால் தூசி அடைகிறதல்லவா? அதே கதை. அழுக்கு கெட்டியாகப் படிந்திருந்தது. தண்ணீர் ஓட வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? இப்போது பாதிக் கல்தான் வைக்கிறேன். இரண்டு சின்ன குன்று, நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, மீன் புகுந்து புறப்பட இரண்டு மூன்று பொந்து. நான்கு பக்கமும் பாசி சுரண்டக் கை போகிற அளவு இடம். வெறும் இடம் இருக்கிறதே என்று கை துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள், பவளம் வளர்ந்து நிரப்பிக்கொள்ளும்.

நேரமாகிவிட்டது என்று அங்கிருந்து சைகை காட்டுகிறார்கள். பவளத்தை எங்கே வைப்பது என்றுதான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: அக்ரோபோரா மாதிரி வெளிச்சமும் நீரோட்டமும் கேட்பவை மேலே, காளான் பவளம் கீழே நிழலில். புதிதாக வந்த ஈரக்கல்லைத் தனி வாளியில் உப்புநீரில் போட்டு, பம்பு ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகே தொட்டிக்குள் வையுங்கள். வணக்கம்.