நர்ஸம்மா தலை வாரிவிட்ட நாள்

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குக் கீழே வெண்ணாற்றுத் தண்ணீரில் வளர்ந்த என் ஊர் மக்களுக்கும் வணக்கம்.

"நர்ஸம்மா நம் நெஞ்சில் நிலைத்திருப்பது கடமையாலா, கனிவாலா?" என்பது தலைப்பு. கடமையால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். உங்களுக்கெல்லாம் நர்ஸம்மாவாக இருந்தவர் எனக்கு அப்பாயி.

ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தில், பிள்ளை பிறந்ததும் கதிர் அறுக்கும் அரிவாளாலேயே தொப்புள்கொடியை அறுத்து, அந்த இடத்தில் சாணத்தையோ சாம்பலையோ வைத்த வீடுகள் இருந்தன. ஒரு வாரம் போவதற்குள் அந்தப் பிள்ளை வாய் கட்டி, பால் குடிக்க மாட்டாமல், உடம்பு வில்லாக வளைந்து போய்ச் சேர்ந்துவிடும். இரணஜன்னி என்று அதற்குப் பெயர். கனிவுள்ள பெண்கள் அந்தத் தாயைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்; அப்பாயியும் அழுதிருப்பார். ஆனால் மறுநாளே எந்தெந்த வீட்டில் யார் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று பதிவேட்டில் குறித்துக்கொண்டு, கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் மண்ணெண்ணெய் அடுப்பில் 20 நிமிடம் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு, இரண்டு தவணைத் தடுப்பூசியைப் போட்டு முடிக்கும்வரை அந்த வாசல்களை விட்டு நகராமல் நின்றது கடமை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசாங்கத்தின் கணக்கு. அந்த 5,000 பேரின் வாசலையும் அவர் நடந்தே மிதித்தார். தாயையும் பச்சிளம் பிள்ளையையும் கொன்றுவந்த இரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015இல் அறிவிக்கப்பட்டபோது, அந்த அறிவிப்புக்குள் வெண்ணாற்றங்கரையில் நடந்து தேய்ந்த ஒரு சோடிச் செருப்பும் இருந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னும் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் எதிரணித் தலைவரான தமிழாசிரியர் ஐயா சற்றுமுன் கேட்ட கேள்விக்கு நீங்கள் கைதட்டினீர்கள். "சங்கப் பாட்டில் வரும் செவிலித்தாய் தான் வளர்த்த பெண்ணுக்குக் கூந்தல் வாரிப் பூச்சூட்டுவாள். நம் செவிலியம்மா ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டாரே, சொந்தப் பேத்திக்கு ஒரு நாளாவது தலை வாரிவிட்டதுண்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு என்னால் இறங்கிப்போக முடியாது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் எழுந்திருக்கும்போது அப்பாயி முதல் பேருந்தைப் பிடித்துப் போயிருப்பார். என் தலையை அம்மா வாரினாள். அம்மாவுக்கு முடியாத நாளில் எதிர்வீட்டு அத்தை வாரினார். ஆனால் தமிழாசிரியர் ஐயா செவிலித்தாயின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். தலைவி உடன்போக்கில் போய்விட்டால் பெற்ற தாய் வீட்டிலிருந்து புலம்புவாள், வெயில் கொளுத்தும் பாலை வழியில், எதிரே வருகிறவர்களிடமெல்லாம் "என் மகளைக் கண்டீர்களா?" என்று கேட்டுக்கொண்டு தேடிப் போகிறவள் செவிலி. பூச்சூட்டிய செவிலியை மட்டும் சொல்லி, தேடிப்போன செவிலியை ஐயா மறந்தது நியாயமா?

அப்படித் தேடிப்போன ஒரு நாளில் அப்பாயியோடு நானும் இருந்தேன். எனக்கு ஒன்பது வயது. அப்பாயி ஓய்வு பெறப்போகும் ஆண்டின் தை மாதம். முந்தின ஞாயிற்றுக்கிழமை இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். மருந்து குடித்த பிள்ளைகளின் இடது கைச் சுண்டுவிரலில் மை வைப்பதும், விடுபட்ட பிள்ளை இருக்கும் வீட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் எக்ஸ் என்று எழுதுவதும் உங்களுக்குத் தெரியும். கீழத்தெருவில் ஒரே ஒரு வீட்டில் அந்த எக்ஸ் அழியாமல் நின்றது. சம்பா அறுவடைக்காக அந்தக் குடும்பம் விடியுமுன்பே கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டது. அம்மா ஊரில் இல்லாத நாள் அது; வாராத தலையோடு நின்ற என்னையும் கையில் பிடித்துக்கொண்டு அப்பாயி வரப்பில் இறங்கிவிட்டார்.

முதல் களத்தில் அவர்கள் இல்லை. இரண்டாவது களத்தில், "வாய்க்காலுக்கு அந்தாண்ட போயிருக்காங்க" என்றார்கள். வாய்க்காலில் என் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடியது. மருந்துப் பெட்டியை ஒரு தோளிலும் என்னை மறு இடுப்பிலும் சுமந்துகொண்டு, ஐம்பத்தேழு வயதில் அப்பாயி அதைக் கடந்தார். போகிற வழியில் இரண்டு முறை நிழலில் நின்று, குப்பியின் மேல் ஒட்டியிருந்த சின்னப் படத்தைப் பார்த்தார். வட்டத்துக்குள் ஒரு வெள்ளைச் சதுரம். சூடு படப்பட அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்து வீண். "வெள்ளையாத்தான் இருக்கு, வா" என்று சொல்லி மறுபடி நடந்தார்.

மூன்றாவது களத்துமேட்டில், பூவரச மரத்துத் தூளியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. தாய் கதிர்க்கட்டு சுமக்கப் போயிருந்தாள். பெற்றவளைக் கேட்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்று சொல்லி, அப்பாயி பெட்டியை நிழலில் வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார். அன்றுதான், நடுவர் அவர்களே, கால் மணி நேரம் அவர் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. சுருக்குப்பையிலிருந்து பல் உடைந்த ஒரு சீப்பை எடுத்து, என்னை முன்னால் உட்காரவைத்து, சிக்கெடுத்து, வைக்கோல் தூசியைத் தட்டி, இரட்டைப் பின்னல் போட்டார். ரிப்பன் இல்லாததால் மருந்துப் பெட்டியில் கிடந்த பஞ்சுக்கட்டு நூலால் நுனியைக் கட்டினார். தமிழாசிரியர் ஐயா, உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: ஒரு நாள் உண்டு. கனிவு அந்தக் களத்துமேட்டுக்கு என்னைக் கூட்டிப்போகவில்லை. கடமை கூட்டிப்போன இடத்தில்தான் எனக்குக் கனிவு கிடைத்தது.

தாய் வந்தாள். பிள்ளை கண் விழித்தது. வாயில் இரண்டு சொட்டு, சுண்டுவிரலில் மை. திரும்பி வந்து, அந்தச் சுவரிலிருந்த எக்ஸை அப்பாயி தம் முந்தானையாலேயே துடைத்தார்.

இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தையை இளம்பிள்ளை வாதம் தாக்கியது 2011 ஜனவரி 13 அன்று. 2014 மார்ச் 27 அன்று நம் நாட்டுக்குச் சான்றிதழ் கிடைத்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த அப்பாயி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தக் களத்துமேட்டுப் பிள்ளைக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?" பதினாலு, பதினைந்து இருக்கும் என்றேன். "ஓடுவான்ல?" என்றார். ஓடுவான் அப்பாயி என்றேன்.

போன மார்கழியில் அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது, கடைசியாகத் தலை வாரிவிட நான் சீப்பை எடுத்தேன். கீழத்தெருப் பாட்டி ஒருவர் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டார். அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கினார். அப்பாயி கையால் பிள்ளை பெற்றவர்கள், அப்பாயி கையில் பிறந்தவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து, ஆளுக்கு ஒரு தரம் சீப்பை இழுத்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். வாசலைத் தாண்டித் தெருவரை வரிசை நின்றது. சீப்பு என்னிடம் திரும்பி வந்தபோது, முடிந்துவிட நுனி முடி மட்டுந்தான் மிச்சம் இருந்தது. பஞ்சுக்கட்டு நூலால் அதைக் கட்டினேன்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.