மஞ்சள் இலைக்கு மருந்து கேட்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

"இலை மஞ்சளாப் போகுதுங்க, என்ன மருந்துங்க அடிக்கறது?"

பயிருக்கு யோசனை சொல்கிற எவருக்கும் பழகிப்போன கேள்வி இது. ஆனால், இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. சொன்னால் அது குத்துமதிப்புதான். அந்தக் குத்துமதிப்புக்குக் கடையில் பணம் கட்டப்போவது நீங்கள். எனவே, போனில் யோசனை கேட்கும்போது எப்படிக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும் என்று இன்று பேசலாம்.

மஞ்சள் இலையையே எடுத்துக்கொள்வோம். அடியிலைகள் முதலில் வெளுத்து, இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துப் பற்றாக்குறை என்று சந்தேகிக்கலாம். கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து. அதே மாதிரி நரம்பு பச்சையாக இருந்து, ஆனால் அது முதிர்ந்த இலையில் வந்தால் மெக்னீசியம். குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, இலை கோணிக்கொண்டால் தேமல் நோய். அது வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ். அதைக் குணப்படுத்த மருந்தே கிடையாது, அடுத்த நடவுக்கு நோயில்லாத செடியில் குச்சி எடுப்பதுதான் வழி. கோடையில் ஊசி குத்தினாற்போல் மஞ்சள் புள்ளிகள் வந்தால் இலையின் அடிப்பக்கத்தில் செம்பேன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்காட்டு மலையில் அராபிக்கா காபிச் செடி மஞ்சளாகி வாடுகிறது, தண்டில் வளையம் வளையமாக மேடு தட்டியிருக்கிறது என்றால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அதற்கு இலையில் எதை அடித்தும் பயனில்லை. புழு தண்டுக்குள்ளே இருக்கிறது, அந்தச் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும்.

பாருங்கள், எல்லாமே மஞ்சள்தான். ஒன்றுக்கு உரம், ஒன்றுக்கு நெருப்பு.

ஆகவே "மஞ்சள்" என்பதோடு நிறுத்தாதீர்கள். மேலிலையா அடியிலையா, நரம்பு என்ன நிறம், எத்தனை நாளாக இப்படி என்று சொல்லுங்கள். வரிசையாக இருபது செடியை எண்ணி, அதில் எத்தனை செடிக்கு இருக்கிறது என்று சொல்லுங்கள். "காடு பூராவும் போச்சுங்க" என்கிற வருத்தம் நியாயமானது, ஆனால் அதை வைத்து எதையும் கணிக்க முடியாது. இருபதில் மூன்று என்றால் கணிக்கலாம். காட்டில் எந்த இடம் என்பதும் முக்கியம். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் என்றால் வேர் மூச்சுமுட்டியிருக்கலாம். வரப்போரத்தில் தொடங்கி உள்ளே வருகிறது என்றால் பக்கத்துக் காட்டிலிருந்து பூச்சி நகர்ந்திருக்கலாம்.

நோயின் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. சொல்லாமலிருந்தால் இன்னும் நல்லது. "தேமல் வந்துடுச்சுங்க" என்று ஆரம்பித்தால், கேட்பவரின் யோசனையும் தேமலைச் சுற்றியே போகும். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

அடுத்து, ஏற்கெனவே என்ன அடித்தீர்கள் என்பது. இதை மறைக்கிறவர்கள் அதிகம், திட்டுவார்களோ என்ற தயக்கம். தயவுசெய்து மறைக்காதீர்கள். "கடைக்காரர் குடுத்த மருந்து" என்பது போதாது. டப்பாவில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதன் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதைப் படியுங்கள், முடியாவிட்டால் டப்பாவைப் படம் எடுத்து அனுப்புங்கள். அளவையும் மில்லியில் சொல்லுங்கள். "ரெண்டு மூடி" என்றால், மூடிக்கு மூடி அளவு மாறும். டேங்க் 10 லிட்டரா, 16 லிட்டரா? லிட்டருக்கு 2 மில்லி என்றால் ஒன்றுக்கு 20, இன்னொன்றுக்கு 32. இதே டேங்கில் முன்பு களைக்கொல்லி அடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சரியாகக் கழுவாத டேங்கே இலையைச் சுருட்டிவிடும். அதை நோய் என்று எண்ணி மேலும் மேலும் அடிக்கிறார்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020-இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி நம் சேலம் மாவட்டத்துக்கும் வந்து, குச்சிக்கிழங்கின் நுனியைக் கொத்தாகச் சுருட்டியது. அதை அடக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, 2022-இல் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். கடுமையான பூச்சிமருந்தை அடித்தால் அந்தக் குளவியும் செத்துப்போகும். நீங்கள் அடித்ததைச் சொல்லாவிட்டால், குளவியை நம்பிச் சொல்கிற யோசனை வீணாகும்.

படம் அனுப்புவதானால் மூன்று போதும். தள்ளி நின்று செடி முழுவதும், கிட்டத்தில் இலையின் மேல்பக்கம், இலையைத் திருப்பி அடிப்பக்கம். காலை வெளிச்சத்தில் எடுங்கள், ஃபிளாஷ் போட்டால் நிறம் மாறிவிடும். புழுவோ புள்ளியோ இருந்தால் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வையுங்கள், அளவு தெரியும். கூடவே ரகம் என்ன, குச்சிக்கிழங்கென்றால் முள்ளுவாடியா, தாய்லாந்து வெள்ளையா, நட்டு எத்தனை மாதம், கடைசியாக எப்போது தண்ணீர் கட்டினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து பேசுவதைவிடக் காட்டில் நின்றபடி பேசுங்கள். இலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னால் அங்கேயே பார்த்துவிடலாம்.

நான்கு பேரிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் முதலில் ஒருவர் சொன்னதை இரண்டாமவரிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு பேர் சொன்னதையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கிற நிலை வரும்.

மண் மாதிரி எடுப்பது பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாக: 'வி' வடிவக் குழி, 15 செ.மீ. ஆழம், பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலந்து அரைக் கிலோ, உரம் போட்ட உடனே எடுக்கக் கூடாது.

யோசனை கிடைத்துப் பத்து நாள் கழித்து, அதே செடியை மறுபடி படமெடுத்து, சொன்னவருக்கே அனுப்புங்கள். குணமாகாவிட்டாலும் அனுப்புங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் அடுத்த வாரம் இதையே கேட்கும்போது அவருக்குச் சரியான பதில் கிடைக்கும். விவசாயிகளுக்குப் போனில் யோசனை சொல்லும் கிசான் அழைப்பு மையத்தின் எண் 1800 180 1551, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். வணக்கம்.