பெத்தாய் வாங்கப் போன எடத்துல ஒரு தெமியார் பாப்பா

வணக்கம் மக்களே, மலேசியா, பேராக்ல இருக்குற சுங்கை சிப்புட்லேர்ந்துதான் பேசுறேன். காலைல மோட்டோ எடுத்துக்கிட்டு லாசா பக்கம் போனேன், ரோட்டோரமா ஒரு தெமியார் அக்கா, அதான் இங்கத்த பூர்வகுடி ஜனங்க, பெத்தாய் வச்சிருந்தாங்க, காட்டு மரத்துல நீளமா தொங்குற அவரை மாதிரி காய். கட்டு 10 வெள்ளி (ரிங்கிட்)! நம்ம டவுன் பசார்ல அதே கட்டு 15 சொல்றாங்க, அதுவும் பாதி வாடிப் போனது. இது பச்சைப் பசேல்னு, கொட்டை ஒவ்வொண்ணும் இத்தாந்தண்டி. பேரமே பேசல, காட்டுக்குள்ள போயி பறிச்சிட்டு வர்றவங்ககிட்ட பேரம் பேசுறது எனக்கு சுத்தமா பிடிக்காது, உங்களுக்கே தெரியும்.

சரி விஷயத்துக்கு வரேன். பக்கத்துல அவங்கம்மா காய உரிச்சுக்கிட்டே ஓயாம பேசுறாங்க, மடியில ரெண்டு வயசு பாப்பா. இது என்னா சொல்லு, அது என்னா சொல்லுன்னு யாரும் கேக்கல. பாட்டி கை எங்க போகுதோ அங்கயே பேச்சும் போகுது. பாப்பா ஒரு காயத் தூக்கி நீட்டி என்னமோ சொல்லுச்சு, பாட்டி அத வாங்கிக்கிட்டு இன்னும் நீளமா திருப்பி சொன்னாங்க, பாப்பா திரும்பவும் சொல்லுச்சு. எனக்கு தெமியார் தெரியாது, அக்காதான் மலாய்ல வெளக்குனாங்க. அட, அண்ணங்காரன விட்டுட்டேனே, ஏழு வயசு இருக்கும், அவன் வெளையாட கூப்புடுறதுலயே பாதி மொழி வந்துடும் போல.

அப்பதான் காய் வாங்க வந்த ஒரு ஆளு, "வீட்ல மலாய் பேசுங்க, இல்லன்னா ஸ்கூல்ல கஷ்டப்படும்"னு அந்த அக்காவுக்கு அட்வைஸ். எனக்கு வந்துச்சே கோவம்! மலாய ஸ்கூலும் கடைத்தெருவும் குடுத்துடும். தெமியார் மலாய்ல ஒரு வகைகூட இல்ல மக்களே, அது மியன்மார் பக்கத்து மோன், கம்போடியாவோட கெமேர் மொழிங்களுக்கு சொந்தக்கார மொழி, அத வீட்ட விட்டா எங்க போய் கேக்கும் அந்தப் புள்ள? பூர்வகுடி ஜனங்களுக்கான ரேடியோ ஆஸ்யிக் எஃப்எம்ல தெமியார் வருது, சந்தோசம், ஆனா ரேடியோ பாப்பா நீட்டுற காய வாங்காதுல்ல. நம்ம தோட்டத்துப் புள்ளைங்க வீட்ல தமிழு, வெளிய மலாய்னு ரெண்டையும் சேத்துதான வளந்துச்சுங்க, யாரு கெட்டுப் போனா?

நியூசிலாந்துல மாவோரி ஜனங்க 1982ல கோஹாங்கா ரேயோன்னு ஆரம்பிச்சாங்க, பாட்டி தாத்தாங்க சின்னப் புள்ளைங்களோட உக்காந்து மாவோரிலயே பேசுவாங்க. ஏன்னா நெறைய வீட்ல அந்தப் பேச்சு நின்னு போச்சு. இங்க அந்தப் பாட்டி மடியிலயே நடந்துக்கிட்டு இருக்கு, அதப் போயி நிறுத்தச் சொல்றாங்க!

தெமியார், செமாய் (அவங்களும் பூர்வகுடிதான்) குடும்பங்க பக்கத்துல இருக்கறவங்க, அந்தப் புள்ளைங்க வெளையாடும்போது எந்த மொழில சண்ட போடுதுங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க, எல்லாத்தையும் படிக்கிறேன்.