வோல்காவில் நிற்கும் மணிக்கோபுரம்

நண்பர்களே, வணக்கம். மாஸ்கோவுக்கு வடக்கே, வோல்கா ஆற்றங்கரையில் கல்யாசின் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது தண்ணீருக்கு நடுவே தன்னந்தனியாக நிற்கும் வெள்ளை மணிக்கோபுரம். 74 மீட்டருக்கு மேல் உயரம். அருகில் ஆலயமும் இல்லை, தெருவும் இல்லை.

அதை யாரும் ஆற்றுக்குள் கட்டவில்லை. 1800இல் கட்டி முடித்தபோது அது ஊருக்குள், புனித நிக்கோலாஸ் பேராலயத்தை ஒட்டி நின்றது. 1930களில் உக்லிச் நகரில் வோல்காவை மறித்து அணை கட்டினார்கள். கட்டியவர்களில் ஏராளமானோர் கைதிகள். தண்ணீர் ஏறுவதற்கு முன்பே பேராலயத்தை இடித்தார்கள். மர வீடுகளைக் கட்டை கட்டையாகப் பிரித்து மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். சொந்த வீட்டைத் தானே பிரித்தவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! பழைய ஊரின் பெரும்பகுதி மூழ்கியது. ஆறு வளைகிற இடத்தில் கப்பல்களுக்கு அடையாளமாக உதவியதால் கோபுரம் தப்பியது. 1980களில் அதைச் சுற்றி மண் கொட்டிச் சின்னத் தீவாக்கினார்கள்.

சரி, கோபுரத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். என் மனம் போவது எதிர்க்கரையில் இருந்த மடாலயத்துக்குத்தான். 15ஆம் நூற்றாண்டில் மக்காரி என்ற துறவி நிறுவியது. 1609இல் போலந்து-லித்துவேனியப் படையை ரஷ்யத் தளபதி ஸ்கோபின் ஷுய்ஸ்கி வென்றது அதன் அருகில்தான். அதற்கும் முன்னால், த்வேர் நகரத்து வணிகர் அஃபனாசி நிகிதின் வோல்காவில் புறப்பட்டபோது, இங்கே இறங்கி மக்காரியைப் பார்த்துவிட்டுப் போனதாகத் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அஸ்திரகான் அருகே கொள்ளையர்களிடம் பொருளை இழந்தார். ஆனாலும் திரும்பவில்லை. பாரசீகம், ஹோர்முஸ் வழியாக ஒரு குதிரையோடு கடல் கடந்து நம் நாட்டின் சௌல் துறைமுகத்தில் இறங்கி, பீதர் வரை வந்தார். வாஸ்கோ ட காமா வருவதற்குச் சுமார் கால் நூற்றாண்டு முன்பு! ஊர் திரும்பும் வழியில், ஸ்மோலென்ஸ்கை எட்டும் முன்பே இறந்துவிட்டார்.

அவர் வணங்கிவிட்டுப் போன மடாலயம் இன்று இல்லை. அதையும் 1940இல் இடித்தார்கள். அதற்குள் சில வல்லுநர்கள் அங்கிருந்த 17ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் ஒரு பகுதியைச் சுவரிலிருந்து பெயர்த்துக் காப்பாற்றினார்கள். அவை மாஸ்கோவில், ஷுசெவ் கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நிகிதின் காலத்துக்குப் பிந்தையவைதான். ஆனாலும் மாஸ்கோ போகிறவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.