காத்து வர்றதுக்குள்ள பேசிருதேன்

வணக்கம் மக்களே. சத்தம் கேக்குதா? எஞ்சின நிறுத்தியாச்சு, கேக்கும்னு நினைக்கேன். அலை வந்து ரப்பர்ல மோதுற சத்தமும் சேந்து வரும், பொறுத்துக்கோங்க.

தென்னாப்பிரிக்காவுல டர்பன் துறைமுக வாய்க்கு வெளிய, பாய்மரப் படகு ரேஸ படம் எடுக்க ஒரு ரப்பர் படகுல, கடல்ல உக்காந்திருக்கேன். அந்தா ஒரு வளைவு தெரியுதுல்லா, அது மோசஸ் மபிடா ஸ்டேடியம், 106 மீட்டர் உசரம். இந்தப் பக்கம் திரும்பினா பிளஃப் மேடு. நடுவுல பாய்மரப் படகெல்லாம் துணி காயப்போட்ட மாதிரி பாயத் தொங்க விட்டுட்டு நிக்கி. ரேஸ் பதினொரு மணிக்குன்னாங்க. அதுக்கு முன்னாலயே ரேஸ நடத்துற கமிட்டி படகுல ரெண்டு ஹாரன் அடிச்சு, சிவப்பும் வெள்ளையுமா கோடு போட்ட கொடிய ஏத்திட்டாங்க. ஒத்திவச்சாச்சுன்னு அர்த்தம். காத்து இல்ல, என்ன செய்ய? சும்மா இருக்கதுக்கு உங்ககிட்ட பேசலாம்னு போனை எடுத்தேன். கொடி இறங்கிருச்சுன்னா பாதியிலயே எந்திரிச்சுப் போயிருவேன். கோவிச்சுக்காதீங்க.

எல்லாரும் என்ன கேமரா, என்ன லென்ஸ்னுதான் கேக்கீங்க. தூரத்துல இருக்கதக் கிட்ட காட்டுற 70-200 மி.மீ. லென்ஸ் ஒண்ணு, ஒரே ஒரு கேமரா பாடி. அவ்வளவுதான். ஆனா உண்மையச் சொல்லட்டுமா? படம் எடுக்குறது நான் இல்ல. பின்னால எஞ்சினப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காரே அங்கிள், அவருதான் எடுக்காரு. அங்கிள், கைய ஆட்டுங்க. பாத்தீங்களா, வெக்கம்.

அங்கிளுக்குத் தமிழ் ஒரு இருபது வார்த்தை தெரியும். வா, போ, காத்து, தண்ணி, சாப்பாடு, அப்புறம் ரெண்டு மூணு கெட்ட வார்த்தை. 1860 நவம்பர் 16-ஆம் தேதி மெட்ராஸ்லருந்து ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா முதல் இந்திய ஆளுங்கள இதே துறைமுகத்துலதான் கொண்டாந்து இறக்குச்சு. அதுக்கப்புறம் வந்த ஏதோ ஒரு கப்பல்ல இவங்க பாட்டன் வந்திருக்காரு. ஒப்பந்தம் முடிஞ்சு கொஞ்சப் பேரு உள்ள, வளைகுடாவுல, சாலிஸ்பரி தீவுல தங்கி வலை இழுத்தாங்க. இவரு அந்த வழி. அதனால கடல் எப்ப என்ன செய்யும்னு இவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்ல.

எனக்குத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்துச்சு. எங்கப்பா தூத்துக்குடி தோணியில தண்டலா, அதாவது தோணிக்குத் தலைவரா இருந்தவரு. கொழும்புக்குச் சரக்கு ஏத்திட்டுப் போவாரு. மவன் காத்துன்னா ஃபேன் காத்துன்னு வளந்தவன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால முதல் தடவ இங்க படம் எடுக்க வந்தப்ப, இன்னும் கிட்ட, இன்னும் கிட்டன்னு அங்கிளப் போட்டுப் பிடுங்கினேன். அவரு வேண்டாம்னாரு. நான் கேக்கல. முன்னால போயிட்டிருந்த படகுக்கு, காத்து வர்ற பக்கமா உரசுற மாதிரி போயிட்டோம். அன்னைக்கும் காத்து கம்மி. நம்ம எஞ்சின் கெளப்பின அலை போயி அதோட அணியத்துல, அதான் முன்மூக்குல, அடிச்சுது. அவ்வளவுதான், படகு ரெண்டு குலுக்கு குலுங்கி நின்னே போச்சு. பின்னால வந்த ரெண்டு பேரு தாண்டிட்டாங்க. எனக்குப் படம் கெடச்சுதான்னு கேளுங்க. கெடச்சுது. ஒருத்தரு வாயப் பொளந்து என்னைத் திட்டுறாரு, பல்லு ஒவ்வொண்ணும் ஷார்ப்பா இருக்கு.

அன்னையிலருந்து காத்துக்குக் கீழ்ப்பக்கம்தான் நிப்போம். அதாவது, காத்து படகத் தொட்டுட்டு அப்புறம் நம்மளத் தொடணும். நின்ன இடத்துல நிக்கணும், படகு நம்மளத் தேடி வரட்டும். ஸ்டார்ட்டுக்கு அஞ்சு நிமிஷம், நாலு நிமிஷம், ஒரு நிமிஷம்னு கொடி ஏறி இறங்கும், ஹாரன் அடிக்கும். ஒரு முனையில கமிட்டி படகு, மறு முனையில மிதவை, ரெண்டுக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத கோடு. நாங்க மிதவைக்கு வெளிய, அந்தக் கோட்டுக்கு நேரா தள்ளி நிப்போம். கடைசிப் பத்து செகண்டுல எல்லா அணியமும் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்து அடுக்கும் பாருங்க, சீட்டுக்கட்ட விரிச்ச மாதிரி. அந்த ஒரு படத்துக்காகவே விடியுமுன்ன எந்திரிக்கலாம்.

அடுத்து மேல் மிதவை. காத்த எதுத்து ஏறி வந்து, அத வளைஞ்சுதான் திரும்பணும். திரும்பினதும் ஸ்பின்னேக்கர், அந்தப் பெரிய கலர் பாய், அத ஏத்துவாங்க. மொதல்ல முறுக்கின ஈரத்துணி மாதிரி மேல போகும், ஒண்ணுமே தெரியாது. ஒரு நொடி. அப்புறம் 'டப்'புன்னு ஒரு சத்தம், பாய் விரிஞ்சிரும். சத்தம் கேட்டு பட்டன அமுக்கினா முடிஞ்சு போச்சு. துணி பைய விட்டு வெளிய வரும்போதே அமுக்கிட்டே இருக்கணும். போன மாசம் ஒரு பாய் விரிஞ்ச வேகத்துல ரெண்டாக் கிழிஞ்சுது. நான் அப்ப குனிஞ்சு, எடுத்த படம் எப்படியிருக்குன்னு திரையப் பாத்துட்டிருக்கேன். அங்கிள் பேசாம என் தலையில ஒரு தட்டு தட்டினாரு.

செட்டிங் வேணும்னா சுருக்கமாச் சொல்லிருதேன். ஷட்டர் வேகத்த 1/1600 செகண்டுக்குக் கீழ இறக்குறதில்ல. வெள்ளைப் பாய் நெறைய இருந்தா கேமரா ஏமாந்து சாம்பலாக்கிரும், அதனால வெளிச்ச அளவக் கொஞ்சம் கூட்டி வைப்பேன். முழங்கைய படகு மேல ஊனாதீங்க, எஞ்சின் நடுக்கம் அப்படியே லென்ஸுக்கு வந்துரும். முழங்கால மடக்கி, இடுப்பத் தளத்தி, பஸ்ல கம்பியப் பிடிக்காம நிக்கிற மாதிரி நிக்கணும். கடல்ல லென்ஸ் மாத்தவே மாத்தாதீங்க. உப்புத் தண்ணி தெறிச்சா காஞ்ச துணியால தேய்க்காதீங்க, உப்பு கீறிரும். நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால ஒத்தி எடுங்க. அப்புறம், டர்பன் கரை கிழக்கப் பாத்திருக்கு. காலையில கட்டடமெல்லாம் பளிச்சுன்னு பின்னால நிக்கும். மூணு மணிக்கு மேல சூரியன் கட்டடத்துக்குப் பின்னால போயிரும், அப்ப ஊர மறந்துருங்க. வெளிச்சம் பாய்க்குள்ள ஊடுருவி வரும், அதப் பிடிங்க.

இந்த ஊருக் காத்துதான் எனக்குப் பழகவே இல்ல. நமக்கு வாடைன்னா குளிரணும், தென்றல்னா சொகமா இருக்கணும். இங்க தலகீழு. வடகிழக்குலருந்து வர்றது புழுக்கம். தெக்குலருந்து வர்றதுதான் குளிரு, அதுவும் சொல்லாம கொள்ளாம வந்து அறையும். கரைய ஒட்டி அகுலாஸ் நீரோட்டம் தெக்க ஓடுது. தென்மேக்குக் காத்து அதுக்கு எதுரா அடிச்சா, அலை சுவரு மாதிரி நிமிந்துரும். எங்கப்பாட்ட போன்ல சொன்னேன், தென்றல் இங்க ஆளக் கொல்லும்ப்பான்னு. "நீவாடுக்கு எதுக்காத்துன்னா எந்த ஊர்லயும் கொல்லும்ல"ன்னு வச்சிட்டாரு. நீவாடுன்னா நீரோட்டம்.

கரையில மத்தியானம் பன்னி சௌ காத்திருக்கு. பயந்துராதீங்க, பன்னி கிடையாது. கால் ரொட்டியக் குடைஞ்சு உள்ள ஆட்டுக்கறிக் கொழம்ப ஊத்தித் தருவாங்க. நான் மொதல்ல... இருங்க. அங்கிள் கூப்பிடுதாரு. என்னது?

அந்தா, வடகிழக்க பாருங்க. உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல. பளபளன்னு கெடந்த தண்ணியில கறுப்பா ஒரு பட்டை வருது. அது பூராம் காத்து. அங்கிள் என்னமோ சொல்லுதாரு... "காத்து வர்து தம்பி". இருபதுல ஒரு வார்த்தை.

ஒத்த ஹாரன்! கேட்டுச்சா? கொடி இறங்கிருச்சு. ஒரு நிமிஷத்துல அஞ்சு நிமிஷக் கொடி ஏறிரும். அங்கிள், மிதவைப் பக்கம், மெதுவா, அலை கெளப்பாம. மக்களே, போனை டப்பாவுல போடுதேன்.