கார் ஆலை வந்துவிட்டது, கார்த்தொழில் வந்ததா?

[திரையில்: அடிக்கல் நாட்டு விழா மேடை, மாலைகள், கேமராக்கள்]

வளரும் நாடு ஒன்றுக்கு வெளிநாட்டுக் கார் நிறுவனம் வருகிறது என்றால் மேடையில் இரண்டு எண்களைச் சொல்வார்கள். எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை. மறுநாள் செய்தித்தாளிலும் அதே இரண்டுதான். மூன்றாவதாக ஓர் எண் இருக்கிறது. அந்த ஆலையிலிருந்து வெளியே வரும் ஒரு காரின் மதிப்பில் எத்தனை சதவீதம் அந்த நாட்டுக்குள்ளேயே உருவாகிறது? அதைத்தான் உள்நாட்டுப் பங்கு என்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஆலைக்குள் போய்ப் பார்ப்போம்.

[திரையில்: நான்கு கூடங்கள் கொண்ட ஆலை வரைபடம்]

முழுமையான கார் ஆலையில் நான்கு கூடங்கள் இருக்கும். பிரஸ் ஷாப்பில் எஃகுத் தகட்டை அச்சில் வைத்து அழுத்திக் கதவு, கூரை, பானட் என்று வடிவம் கொடுப்பார்கள். வெல்டிங் கூடத்தில் அவற்றைச் சேர்த்து உடலாக்குவார்கள். அடுத்தது பெயிண்ட் ஷாப். கடைசியாக, எஞ்சின், இருக்கை, கண்ணாடி, வயரிங் எல்லாம் ஏறும் அசெம்பிளி.

சரி, இந்த நான்கில் முதல் மூன்றும் இல்லாமலே ஓர் ஆலையைத் திறக்க முடியுமா? தாராளமாக முடியும். பெயிண்ட் அடித்து முடித்த உடல் கன்டெய்னரில் வருகிறது. எஞ்சின் தனிப் பெட்டியில், சக்கரம் தனிப் பெட்டியில். இங்கே போல்ட் போட்டு இறுக்கி, எண்ணெய் ஊற்றி, ஓட்டிப் பார்த்து வெளியே விடுகிறார்கள். இது அரைகுறையாகப் பிரித்த கிட். இன்னொரு வகையில் உடலின் தகடுகள்கூடத் தனித்தனியாக வரும், வெல்டிங்கும் பெயிண்டும் இங்கே நடக்கும். அது முழுவதும் பிரித்த கிட்.

ஏன் இந்தச் சுற்றுவழி? வரிதான் காரணம். பல நாடுகள் முழுக்காரின் இறக்குமதிக்குக் கடுமையான சுங்கவரி போடுகின்றன, உதிரிபாகத்துக்குக் குறைவாகப் போடுகின்றன. அந்த இடைவெளிதான் நிறுவனத்தை உள்ளே இழுக்கிறது. கிட்டில் தொடங்குவது தப்பே இல்லை, ஏறக்குறைய எல்லோரும் அங்கேதான் தொடங்கினார்கள். அதிலேயே தங்கிவிடுவதுதான் சிக்கல்.

[திரையில்: 1980-களின் ஷாங்காய், வரிசையாகச் சாந்தானா கார்கள்]

சீனாவில் 1984 அக்டோபரில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் ஷாங்காயில் கூட்டு நிறுவனம் தொடங்க ஒப்பந்தம் போட்டது. வெளிநாட்டுப் பங்கு 50 சதவீதம். கார் சாந்தானா. 1987-ல் அதன் உள்நாட்டுப் பங்கு எவ்வளவு தெரியுமா? 2.7 சதவீதம். டயர், ரேடியோ, ஆன்டெனா போன்ற சில பொருள்கள்தான் சீனாவில் தயாரானவை. மற்ற எல்லாமே ஜெர்மனியிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தன. அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும், சீனாவிடம் அப்போது அது தட்டுப்பாடு.

1988-ல் ஷாங்காய் மேயரானவர் ஷூ ரோங்ஜி, பின்னாளில் நாட்டின் பிரதமர். அவர் காலத்தில் நகர நிர்வாகம் இதைத் தன் தலையாய வேலையாக எடுத்துக்கொண்டது. விற்கும் ஒவ்வொரு சாந்தானாவின் மீதும் தனித் தொகை வசூலித்து, அதை உதிரிபாகம் செய்யும் ஆலைகளை மேம்படுத்தக் கொடுத்தார்கள். உள்ளூர் ஆலைகளின் பாகம் ஃபோக்ஸ்வாகனின் தரத்தில் தேறினால்தான் காரில் ஏறும், சலுகை கிடையாது. 1990-களின் நடுப்பகுதிக்குள் உள்நாட்டுப் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டியது. இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது ஒன்றுண்டு. தரத்தைத் தளர்த்தச் சொல்லி யாரும் நிறுவனத்தின் கையை முறுக்கவில்லை. உள்ளூர்க்காரனைத் தரத்துக்கு உயர்த்தப் பணம் செலவழித்தார்கள்.

[திரையில்: குர்கான், மாருதி 800]

இந்தியா எடுத்த வழியும் கிட்டத்தட்ட இதுதான். 1982-ல் அரசு நிறுவனமான மாருதியில் சுசூகி 26 சதவீதப் பங்கோடு வந்தது. 1983 டிசம்பரில் முதல் கார் வெளிவந்தது. உள்நாட்டுப் பங்கை ஆண்டுக்கு ஆண்டு ஏற்றியாக வேண்டும் என்று அரசு விதி வைத்திருந்தது. அதற்காக மாருதி வெண்டர்களை, அதாவது உதிரிபாகம் செய்து கொடுப்பவர்களை, தேடி அலைந்ததோடு நிற்காமல், பல வெண்டர் நிறுவனங்களில் தானே பங்கு போட்டது. கார்க் கண்ணாடிக்கு ஜப்பானின் அசாஹி கிளாஸோடு ஒன்று, இருக்கைக்கு ஒன்று, உடல் தகட்டுக்கு ஒன்று. இன்று இந்தியாவில் வேறு பல பிராண்டு கார்களிலும் அசாஹி இந்தியாவின் கண்ணாடியைப் பார்க்கலாம். ஒரு முதலீடு பக்கத்துத் தொழிலுக்குள் ஊறி இறங்குவது என்றால் இப்படித்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுசூகியின் பங்கு 1992-ல் 50 சதவீதமானது, 2002-ல் பாதியைத் தாண்டியது. தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் கட்டணமான ராயல்டியாக விற்பனையில் 5 சதவீதத்துக்கு மேல் ஜப்பானுக்குப் போன ஆண்டுகளும் உண்டு. காரை எங்கே செய்கிறார்கள் என்பது ஒரு கேள்வி, காரின் வடிவமைப்பு யாருக்குச் சொந்தம் என்பது வேறு கேள்வி.

அப்படியானால் எல்லா நாடும் இதைச் செய்துவிட வேண்டியதுதானே? எண்ணிக்கை ஒத்துழைக்க வேண்டும். கதவுத் தகட்டுக்கான ஓர் அச்சுக்கே பெரும் தொகை ஆகும். அதை லட்சக்கணக்கான கார்கள் மேல் பங்கிட்டால்தான் கட்டுப்படியாகும், சில ஆயிரம் கார்களுக்கு என்றால் கையைக் கடிக்கும்.

[திரையில்: தென்கிழக்கு ஆசிய வரைபடம்]

மலேசியா 1983-ல் மிட்சுபிஷியோடு சேர்ந்து புரோட்டான் என்ற தேசியக் காரைத் தொடங்கியது. உள்நாட்டுச் சந்தை சிறியது, வெளிக்கார்களுக்கு வரி அதிகம். அந்தப் பாதுகாப்புக்குள்ளே புரோட்டான் பல ஆண்டுகள் ஓட்டியது, கடைசியில் 2017-ல் சீனாவின் கீலி 49.9 சதவீதம் வாங்கியது. தாய்லாந்து சொந்த பிராண்டுக்கு ஆசைப்படவில்லை. ஒரு டன் பிக்கப் வண்டியைப் பிடித்துக்கொண்டது, அதற்கு வரிச்சலுகை கொடுத்தது, ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகளை அதைச் சுற்றியே வளர்த்தது. 1997 ஆசிய நிதி நெருக்கடியில் தாய்லாந்து நாணயமான பாட்டின் மதிப்பு சரிந்தபோது அந்த ஆலைகள் ஏற்றுமதிக்குத் திரும்பின. 2012-ல் அங்கே 24 லட்சத்துக்கு மேல் வாகனங்கள் தயாராயின. பிராண்டு ஜப்பானுடையது, சம்பளமும் உதிரிபாகமும் தாய்லாந்துடையவை. எனக்குத் தாய்லாந்தின் கணக்கு தெளிவாகப் படுகிறது. தன் சந்தையின் அளவு தெரிந்து போட்ட கணக்கு அது.

அப்புறம், இந்த விளையாட்டின் விதியே நடுவில் மாறிவிட்டது. 1995-ல் வந்த உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி, இத்தனை சதவீதம் உள்நாட்டுப் பாகம் போட்டே ஆக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தக் கூடாது. 1997 டிசம்பரில் இந்தியா கார் நிறுவனங்களுக்கு அப்படித்தான் நிபந்தனை போட்டது: மூன்றாம் ஆண்டுக்குள் 50 சதவீதம், ஐந்தாம் ஆண்டுக்குள் 70. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் வழக்குக்குப் போக, 2001 டிசம்பரில் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. சாந்தானாவும் மாருதியும் ஏறிய அந்த ஏணி, பின்னால் வந்த நாடுகளுக்கு அப்படியே கிடைக்கவில்லை. பெரும்பாலும் சுங்கவரியும் சலுகையும்தான் அவர்கள் கையில் மிச்சம்.

[திரையில்: இரண்டு நிறுவனப் பெயர்கள், நடுவில் 50–50]

கூட்டு நிறுவனம் வைத்தால் தொழில்நுட்பம் தானாக வந்துவிடும் என்று நம்புபவர்கள் சீனாவையே உதாரணம் காட்டுவார்கள். 1994 கொள்கைப்படி கார் தயாரிப்பில் வெளிநாட்டுப் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. ஆனால், கூட்டாளிகளாக இருந்த அரசு நிறுவனங்கள் வந்த லாபத்திலேயே சுகம் கண்டுவிட்டன. 2012-ல் முன்னாள் அமைச்சர் ஹே குவாங்யுவான் இந்த ஏற்பாட்டை அபின் பழக்கத்தோடு ஒப்பிட்டுப் பேசினார். சொந்த பிராண்டில் முட்டி மோதி மேலே வந்தவை கீலி, செரி, பிஒய்டி. இவற்றுக்கு அப்படி வசதியான வெளிநாட்டுக் கூட்டாளி தொடக்கத்தில் இல்லை. ஆனால், சாந்தானா காலத்தில் தொடங்கி வளர்ந்த உதிரிபாகத் தொழில் இவர்களுக்குக் கைகொடுத்தது. மூன்றாவது எண்ணை நான் விடாமல் பிடித்திருப்பது இதனால்தான். 2023-ல் கதை தலைகீழானது. மின்சாரக் கார் தொழில்நுட்பத்துக்காக ஃபோக்ஸ்வாகனே சீனாவின் எக்ஸ்பெங்கில் சுமார் 70 கோடி டாலர் போட முன்வந்தது.

[திரையில்: பிரேசில், பாஹியா மாநிலம், கமசாரி]

உள்நாட்டுப் பங்கு மட்டும் போதுமா என்றால், பிரேசிலின் கமசாரி வேறு பாடம் சொல்கிறது. 2001-ல் ஃபோர்டு அங்கே ஆலை திறந்தபோது உதிரிபாக நிறுவனங்களை அதே வளாகத்துக்குள்ளேயே குடியமர்த்தியது. பார்க்க அருமையான ஏற்பாடு. 2021 ஜனவரியில் ஃபோர்டு பிரேசிலில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததும், ஒரே வாடிக்கையாளரை நம்பி வளாகத்துக்குள் இருந்தவர்கள் நட்டாற்றில் நின்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவிலும் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இங்கே உதிரிபாகக்காரர்களில் பலருக்கு வேறு கார் நிறுவனங்களும் வாடிக்கையாளர்கள். அடி விழுந்தது, ஆனால் தாங்கிக்கொள்ள இடம் இருந்தது.

கமசாரியின் அதே நிலத்தில் இப்போது பிஒய்டி நிற்கிறது. 2025-ல் வண்டிகள் வெளிவரத் தொடங்கின, முதலில் கிட்டிலிருந்து. மின்சாரக் காரின் விலையில் பெரும்பங்கு பேட்டரிக்குப் போகிறது. பேட்டரி செல் கப்பலில் வந்தால், மற்ற பாகங்களை எவ்வளவு உள்ளூரில் செய்தாலும் மூன்றாவது எண் ஓரளவுக்கு மேல் ஏறாது. பிரேசிலில் ஏற்கெனவே ஆலை வைத்திருக்கும் நிறுவனங்கள், கிட்டுக்கு வரிச்சலுகை நீடித்தால் தாங்கள் ஏன் இங்கே முழுசாகச் செய்ய வேண்டும் என்று அரசிடம் நேராகவே கேட்டன. 2025 ஜூலையில் அரசு இரு தரப்புக்கும் கொஞ்சம் கொடுத்தது. பிரித்து வரும் மின்சாரக் கார்களுக்கு ஆறு மாதத்துக்கு வரியில்லா ஒதுக்கீடு. அதோடு, அந்தக் கிட்டுகள் மீதான வரி 35 சதவீதத்தைத் தொடும் தேதி 2028 ஜூலையிலிருந்து 2027 ஜனவரிக்கே கொண்டுவரப்பட்டது. கமசாரியில் வெல்டிங்கும் பெயிண்டும் எவ்வளவு சீக்கிரம் முழு ஓட்டத்துக்கு வரும் என்பதை இந்தத் தேதிதான் பெரும்பாலும் முடிவுசெய்யும்.