திருவனந்தபுரம் – துபாய்: டிக்கெட்டில் இருக்கும் நேரமும் பறக்கும் நேரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

திருவனந்தபுரத்தில் அதிகாலை 4.30-க்குப் புறப்பாடு, துபாயில் 7.00-க்கு வருகை. இப்படி ஒரு டிக்கெட்டைப் பார்த்ததும் ‘இரண்டரை மணி நேரம்தான்’ என்போம். திரும்பும் டிக்கெட்டில் இரவு 10.00, மறுநாள் 3.20 என்று இருந்தால் கணக்கு ஐந்து மணி இருபது நிமிடமாகிவிடும். இரண்டுமே தவறு. அச்சாகியிருப்பது அந்தந்த ஊர் நேரம். நம் கடிகாரம் துபாயைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. போகும்போது அதைக் கூட்டுங்கள், 4 மணி நேரம். வரும்போது கழியுங்கள், 3 மணி 50 நிமிடம். மஸ்கட்டுக்கும் இதே ஒன்றரைதான். தோஹா, குவைத், ரியாத் என்றால் இரண்டரை.

தூரத்தை வைத்தும் சரிபார்க்கலாம். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,940 கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு மணிக்கு 850 என்று வைத்து வகுத்தால் மூன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணி சேர்த்தால் நான்கு மணி. விமான வழித்தடம் நூல் பிடித்தாற்போல் இருக்காது என்பதால் சில நிமிடம் கூடலாம்.

போக வர ஏன் ஒரே நேரமில்லை? காற்றுதான் காரணம். பனிக்காலத்தில் வட இந்தியாவுக்கும் அரபு நாடுகளுக்கும் மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து பலத்த காற்று ஓடும். போகும்போது அது எதிர்காற்று, வரும்போது தள்ளிவிடும் காற்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே அந்த உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசும். அப்போது போகிற பயணத்தின் முதல் பகுதிக்கு அது உதவி.

அதிகமாகத் தடுமாறுவது தேதியில். 15-ஆம் தேதி 00.30 என்றால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது இரவு 9.30. நாகர்கோவிலிலிருந்து சாலையில் 70 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் நெரிசலில் அதற்கு இரண்டு மணி நேரம் எளிதில் போய்விடும். கூடுதலாக ஒரு மணி வைத்து மாலை 6.30-க்குக் கிளம்புங்கள். கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். மூடிய பிறகு கெஞ்சிப் பயனில்லை.

டாக்சிக்காரரிடம் சாக்கைப் பக்கத்துப் பன்னாட்டு முனையம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சங்குமுகம் பக்கத்து முனையத்தில் இறங்கிவிட்டால், நடுவில் ஓடுபாதை இருப்பதால் சுற்றித்தான் வர வேண்டும்.

ஐப்பசி, பங்குனி ஆறாட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும் விழா) நாள்களில் பத்மநாபசுவாமி கோயில் ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து கடற்கரைக்குப் போகும். அன்று மாலை சில மணி நேரம் விமானங்கள் நிற்கும், நேரங்கள் மாறும். அந்த நாள்களில் பயணம் என்றால் முந்தின நாளே விமான நிறுவனத்திடம் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.